இவரு இன்னும் அடிக்கல

மணி ரெண்டு பத்து. கறிக்கொழம்பு ஊத்தி ரெண்டு தடவை சோறு, அதுக்கு மேல ரசம், மோரு, கடைசியா ஒரு நாட்டு வாழைப்பழம். இவ்வளவும் உள்ள போன மனுசன் ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கிறதுக்குள்ள கையக் கால உதறணும். ரெண்டு வருசமா அப்படித்தான உதறிக்கிட்டிருந்தாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம்னா ராத்திரிய விட ஜாஸ்தியாவே இருக்கும். இன்னைக்கு என்னடான்னா ரெண்டு கையையும் நெஞ்சு மேல கோத்து வச்சுக்கிட்டு மல்லாக்கக் கெடக்காரு, பள்ளிகொண்ட பெருமாள் கணக்கா. ஒரு விரலு அசையல. ஸ்டூல் மேல தண்ணிச் சொம்பு, சொம்புல சாத்தி வச்ச போனு, போன்ல செவப்புப் புள்ளி விட்டு விட்டு மினுங்குது. பதினெட்டு நிமிசம் ஓடியிருக்கு. பதினெட்டு நிமிசமா ஒரு வயித்தையும் ரெண்டு உள்ளங்காலையும் படம் பிடிச்சு வச்சிருக்கேன். கட்டின புருசன் எப்ப அடிப்பாருன்னு நாற்காலி போட்டுக் காத்துக் கெடக்குற பொம்பளை இந்தக் கோவில்பட்டிலயே நான் ஒருத்திதான் இருப்பேன். அண்ணன் ஆறு மணிக்குள்ள வந்துருவாரு. மதுரைலருந்து மூணு மணி பஸ்ஸுக்கு ஏறுறேன்னு காலைலயே சொல்லிட்டாரு. வரும்போது ஒண்ணு உன் துணிமணி பையில இருக்கணும், இல்லன்னா நீ சொல்ற அந்த வீடியோ என் கையில இருக்கணும், ரெண்டுல எதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ, அப்படின்னாரு. முப்பது வருசம் கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்தவரு. ஆதாரம் இல்லாம சாமியக்கூடக் கும்பிட மாட்டாரு. உன் வீட்டுக்காரரு தூக்கத்துல அடிக்காரு, முழிச்சிருக்கப்ப அடிக்கலன்னு சொன்னா, எந்த ஜட்ஜும்மா நம்புவாருங்காரு. ஏண்ணே, நான் சொல்றேன்ல, நான்தான அடி வாங்குறவ, எனக்குத் தெரியாதா. அதெல்லாம் அவரு காதுல ஏறல. பிள்ளை குட்டியும் இல்ல, எதுக்கு அங்க கெடந்து சாகுறங்காரு. மேல ஃபேனு கொரட்டை விடுது. இவரு விடல. சாதாரணமா இவரு கொரட்டைல ஃபேன் சத்தமே கேக்காது. அதுவும் இன்னைக்கு லீவு போட்டிருச்சு போல.

இடது புருவத்துல தையல் போட்ட எடம் அரிக்குது. பத்து நாளாச்சு. நீலமா இருந்தது பச்சையாகி, இப்ப மஞ்சள் பூசினாப்ல நிக்குது. இதுக்கெல்லாம் மூலகாரணம் பக்கத்து வீட்டு பாப்பாத்தியக்கா. அவளச் சொல்லி என்ன செய்ய, கேட்ட எனக்கு எங்க போச்சு புத்தி. ஏ செண்பகம், உன் வீட்டுக்காரரு ராத்திரியெல்லாம் நகரு நகருன்னு கத்துறாரே, கெட்ட சொப்பனமாத்தான் இருக்கும், தலைமாட்டுல ஒரு இரும்பு வையி, எதுவும் அண்டாதுன்னா. எங்கம்மா கூட வைப்பா, பிள்ளை பெத்தவளுக்கு, காய்ச்சக்காரனுக்கு. நல்ல யோசனைதான்னு நானும் இரும்பு தேடினேன். கத்தி வைக்கலாமான்னு யோசிச்சேன். தூக்கத்துல கை வீசுற மனுசன் பக்கத்துல கத்திய வைக்க நான் என்ன கிறுக்கியா. அரிவாள்மணை, அதுவும் ஆகாது. ஆணி, குத்திரும். கடைசில ரொம்ப அறிவாளி மாதிரி பழைய திண்டுக்கல் பூட்டு ஒண்ண எடுத்துத் தலையணைக்கு அடியில வச்சேன். அரைக்கிலோ தேறும். முனை இல்ல, கூர் இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இப்படி நெனச்சுக்கிட்டுத் திருநீறு வேற பூசிவிட்டேன். ரயில்வே கேட்டுல முப்பத்தோரு வருசம் வேலை பாத்த மனுசனோட கைக்குப் பூட்டக் கொண்டு போய்க் கொடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தோணல பாருங்க. அன்னைக்குச் சொப்பனத்துல எவனோ கேட்டுக்குள்ள பூந்துட்டான் போல. இவரு கை தலையணைக்கு அடியில போயிருக்கு. பூட்டு சிக்கியிருக்கு. அவனப் பாத்து வீசியிருக்காரு. அவன் தப்பிச்சுட்டான், நான் பக்கத்துல கெடந்தேன். ரெண்டு நாள் கழிச்சு பாப்பாத்தியக்கா என்ன கேக்கா தெரியுமா, இரும்பு வச்சியே, கேட்டுச்சான்னு கேக்கா. நல்லாக் கேட்டுச்சுக்கான்னேன்.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. தையல் போடப் போன எடத்துல அந்த நர்ஸம்மா, சின்னப் பொண்ணு, பஞ்ச வச்சு ரத்தத்தத் தொடைச்சுக்கிட்டே எப்படிம்மா பட்டுச்சுன்னு கேட்டா. இவரு வாசல்ல சட்டையெல்லாம் ரத்தமா நிக்காரு. எல்லாரும் இவரையே பாக்காக. எனக்குத் தாங்கல. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன். சொல்லி வாய மூடுறதுக்குள்ள அந்தப் பிள்ள மொகம் மாறிருச்சு. எத்தனை பேரு வந்து அவ கிட்ட இதே வார்த்தையச் சொல்லியிருப்பாகளோ. நெசமாவே அடி வாங்குற பொம்பளைக எல்லாம் சொல்ற வார்த்தை அது. எங்க தெருக் கடைசில ஒருத்தி இருக்கா, அவளும் அதத்தான் சொல்லுவா, மாசம் ஒருக்கா வழுக்குவா. அவளப் பாத்து நானே மனசுக்குள்ள சொல்லியிருக்கேன், இவ வீட்டு பாத்ரூம்ல மட்டும் என்ன இத்தனை பாசின்னு. இப்ப அதே பொய்ய நானும் சொல்லியாச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு, இல்லம்மா, இவரு நல்லவரு, தூங்கும்போது மட்டும்தான் அடிப்பாருன்னு சொல்ல. அந்தப் பிள்ளை என் காதுகிட்ட குனிஞ்சு, மகளிர் போலீஸ் நம்பர் தரட்டுமாம்மான்னுச்சு. நல்ல பிள்ளை. அது செஞ்சது சரிதான். அண்ணன் செய்றதும் சரிதான். அதான் எனக்கு எரிச்சலே. யார் மேலயாச்சும் தப்பு இருந்தாத்தான திட்டித் தீக்கலாம். எல்லாரும் சரியாத்தான் பேசுறாக, நான் ஒருத்திதான் பொய் சொன்னவ. இந்த மனுசனுக்கு நாப்பது வருசத்துல என்னை அடின்னு ஒருத்தரு சொல்லிக் கொடுத்தாக்கூட அடிக்கத் தெரியாது. கரப்பான்பூச்சிய வெளக்குமாத்தால தள்ளித் தள்ளி வாசல் வரைக்கும் கொண்டு போய் விடுவாரு. கோவம் வந்தா சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தின்னு சொல்லுவாரு, அவ்வளவுதான் இவரு கோவம். ஒரு நிமிசம் இரு, காலு அசைஞ்சுச்சா. இல்ல. ஈ உக்காந்திருக்கு. ஈ கூட உக்காந்து பாத்துட்டு ஒண்ணும் நடக்கலன்னு போயிருச்சு.

அஞ்சு நாளைக்கு முன்னாடி போய்ப் பாத்த பாளையங்கோட்டை டாக்டரம்மா மட்டும்தான் நம்புனா. நரம்பு டாக்டரு. அங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தப்பத்தான் ஊர்ல இத்தனை தூக்கம் இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சுச்சு. ஒரு அம்மா ராத்திரி தூக்கத்துலயே எந்திரிச்சுப் போய்ப் பச்சரிசிய அள்ளி அள்ளித் திங்குமாம், விடிஞ்சா வாயெல்லாம் மாவா இருக்குமாம், ஒண்ணும் ஞாபகம் இருக்காதாம். மருமக அரிசிய எடுத்து வித்துட்டான்னு ஆறு மாசம் சண்டை போட்டிருக்கு. ஒரு பெரியவருக்குப் படுத்தா காலுக்குள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்குமாம், நடந்தாத்தான் அடங்குமாம், ராத்திரி முழுக்க வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துக்கிட்டே இருப்பாராம். காலேஜுப் பையன் ஒருத்தன், முழிப்பு வந்துரும் ஆனா கை கால் அசையாது ஆன்ட்டி, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருப்பாங்கன்னான். எங்க ஊர்ல அத அமுக்குப் பேயிம்பாக. அவன் பயந்து போய்த் தூங்குறதையே விட்டுட்டான். டாக்டரம்மா எங்களுக்குப் பொறுமையாச் சொன்னா. சொப்பனம் காணுற நேரத்துல மூளை கையையும் காலையும் பூட்டி வச்சிருமாம். சொப்பனத்துல நாம ஓடினாலும் ஒடம்பு கட்டிலோட கெடக்கும். இவருக்கு அந்த நேரத்துல பூட்டு விழ மாட்டேங்குதாம், அதான் சொப்பனத்துல என்ன செய்றாரோ அதக் கை காலும் செய்யுது. அப்ப அந்தப் பையனுக்கு முழிச்ச பெறகும் பூட்டுத் தெறக்கல, இவருக்குப் பூட்டவே இல்ல. ரெண்டு பேரையும் சேத்துப் பாதி பாதியாப் பிரிச்சுக் கொடுக்கக் கூடாதான்னு நெனச்சேன். ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்கம்மா, பாத்துட்டு மாத்திரை ஆரம்பிக்கலாம், மதுரைல தூக்க டெஸ்டுக்கும் எழுதித் தாரேன்னா. எழுந்து வர்றப்ப என்னை மட்டும் நிறுத்தி, கை நடுங்குதா, நடை தளருதா, வாசனை தெரியாமப் போகுதா, வருசக்கணக்குல கவனிச்சுக்கிட்டே இருங்கன்னா. எதுக்கும்மான்னேன். சில பேருக்குப் பின்னாடி நடுக்குவாதம் வரலாம், வராமலும் போகலாம்னா. அன்னைலருந்து இவரு டம்ளரத் தூக்குறப்பல்லாம் என் கண்ணு அந்தக் கையிலயே நிக்குது. காபி தளும்புச்சுன்னா கையாலயா டம்ளராலயான்னு பாக்கேன். டம்ளர நெறைய ஊத்தினா யாருக்கும்தான தளும்பும். அதனால முக்கா டம்ளரு ஊத்துறேன். காபி ஏன் கொறஞ்சு போச்சுன்னு கேக்காரு. பால் வெலை ஏறிருச்சுன்னேன். பொய் பழகிருச்சு.

போனு டிங்குங்குது. எடம் இல்லையாம். நெறைஞ்சு போச்சாம். நாலு நாளா ராத்திரி ராத்திரியா இந்த மனுசன் அசையாமக் கெடக்குறத எடுத்து எடுத்து வச்சதுல போனு நெறைஞ்சு போச்சு. எதையாச்சும் அழிக்கணும். பாப்பாத்தியக்கா தெனமும் அனுப்புற ரோசாப்பூ காலை வணக்கம் எல்லாத்தையும் அழிக்கிறேன். நூத்தி எம்பது ரோசாப்பூ. போங்க எல்லாம். செவப்புப் புள்ளிய அமுக்கிட்டேன், மறுபடியும் ஓடுது. என்ன மனுசன் இவரு. கேமரா இல்லாதப்ப எத்தனை ஆட்டம் ஆடினாரு. போன மாசம் ஒரு மத்தியானம் கட்டில்ல முட்டி போட்டு உக்காந்து கண்ண மூடிக்கிட்டே ரெண்டு கையாலயும் செவத்தப் பிடிச்சுத் தள்ளுறாரு. எடுய்யா லாரிய, எடு, ஸ்டேசன விட்டு எடுத்தாச்சு வண்டி, எடுங்காரு. செவரு எங்க போகும். தோளத் தட்டினேன், திரும்பி எம் மேலயே பாஞ்சு என்னைக் கட்டிலுக்கு அங்கிட்டுத் தூக்கிப் போட்டாரு. முழிச்சுப் பாத்துட்டு அய்யோ அய்யோங்காரு. என்ன சொப்பனம்னா, தண்டவாளத்துல நீ நின்னுக்கிட்டிருந்த, வண்டி வந்துருச்சு, அதான் தள்ளினேங்காரு. எல்லாச் சொப்பனத்துலயும் தண்டவாளத்துல யாராச்சும் நிப்பாக. பாதி நாளு நான்தான் நிக்கிறேன். எனக்கு வேற சோலியே இல்லையா. வேலைல இருந்த முப்பத்தோரு வருசத்துல இவரு கேட்டுல ஒரு ஆட்டுக்குட்டி அடிபட்டது கெடையாது. ஸ்டேசன்லருந்து போன் வரும், எந்திரிச்சுப் போய் ரெண்டு பக்கமும் அடைப்பாரு, பூட்டுவாரு, பூட்டியாச்சுங்கிறதுக்கு ஸ்டேசனுக்கு ஒரு நம்பர் சொல்லுவாரு, கொடிய எடுத்துக்கிட்டு நிப்பாரு, வண்டி போகும், தெறப்பாரு. பன்னெண்டு மணி நேரம். வாரத்துக்கு வாரம் பகலு ராத்திரியாகும், ராத்திரி பகலாகும். தூங்குறதுக்கு வெயில்ல ஜன்னல்ல கம்பளியத் தொங்கவிட்டு இருட்டாக்கித் தருவேன். தெருவுல பிள்ளைக வெளையாடினா வெரட்டப் போவேன். அப்பல்லாம் அடக்கமாத்தான் தூங்குனாரு. அப்ப ஒண்ணும் நடக்கல. ரிட்டையர் ஆயி, மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பின பெறகு ஏன் இவருக்கு மட்டும் தெனம் ஒரு லாரி மாட்டணும். பாத்துப் பாத்து நின்னதெல்லாம் இத்தன வருசமா உள்ளயே கெடந்துருக்கும் போல. அந்தா, தூரத்துல வண்டி ஊதுது. ரெண்டு நாப்பது வண்டி. இப்ப ஆடுவாரு பாரு, வண்டிச் சத்தம் கேட்டா எப்பவும் ஒரு ஒதறு உண்டு. ஆடுங்க. எந்திரிங்க. ஊஹூம். கண்ண மட்டும் இன்னும் இறுக்கி மூடுறாரு. வண்டி போயே போயிருச்சு.

எனக்குக் கண்ணு சொருகுது. பத்து நாளா நான் தூங்கல, அத யாரும் கேக்கல. பூட்டு விழுந்த ராத்திரிலருந்து அடுப்படிப் பக்கம் பாய விரிச்சுப் படுக்கேன். டாக்டரம்மாவும் தனியாப் படுங்கம்மான்னு சொல்லிட்டா. தனியாப் படுத்தா தூக்கம் வரணும்ல. பல்லி சொன்னா முழிப்பு, ஃப்ரிட்ஜு உறுமினா முழிப்பு. இந்த ரூம்லருந்து சத்தம் வந்தா ஓடிப் போய்ப் பாப்பேன், சத்தம் வராட்டி இன்னும் வேகமா ஓடிப் போய்ப் பாப்பேன். மதுரைல அண்ணன் வீட்டு மாடி ரூம்ல ஏசி இருக்கு. மதினி நல்ல மாதிரி. அங்க போய் ஒரு வாரம் செத்தவ மாதிரித் தூங்கலாம். ஒரு வாரம்னா அண்ணன் விடுவாரா. போனா போனதுதான். இங்க இவரு ராத்திரில எந்திரிச்சு ஜன்னல் கண்ணாடிய ஒடச்சுக் கையக் கிழிச்சுக்கிட்டா யாரு பாப்பா. கட்டில்லருந்து விழுந்து தல பிளந்தா விடிஞ்ச பெறகு பால்க்காரன் வந்து பாக்கணுமா. மணி மூணு. அண்ணன் பஸ் ஏறியிருப்பாரு. போனு கத்துது. அண்ணன்தான். நெனச்ச நேரத்துல சரியா. படம் நின்னு போச்சு. எடுத்துக்கிட்டு வாசப்படிக்கு ஓடுறேன்.

"செண்பகம், பஸ்ல உக்காந்துட்டேன். சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே."

"வீடியோ எடுத்தியா?"

எடுத்துட்டேண்ணேன்னு வாய் சொல்லுது. நான் சொல்லல, வாய் சொல்லுது. அப்புறம் அண்ணன் மெதுவா, "நான் பாக்காம எதையும் நம்ப மாட்டேன்மா. அப்பா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பாரோ அதத்தான் நானும் செய்றேன். மாப்பிள்ளை மேல எனக்கு விரோதமா என்ன?"ங்காரு. விரோதம் இருந்தாக்கூடச் சமாளிச்சிருவேண்ணே, பாசத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய. சரிண்ணே, வாங்கண்ணே, பாத்து வாங்கன்னு வச்சிட்டேன். ரூமுக்குள்ள வந்தா அதே பெருமாள், அதே கை, அதே கால். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. போனத் திரும்பச் சொம்புல சாத்தி, புள்ளிய அமுக்கி, கட்டில் பக்கத்துல போய் நின்னுக்கிட்டு, தூங்குற மனுசன்கூடப் பேசுறோமேன்னு வெக்கம்கூட இல்லாமப் பேசினேன். நல்லாயிருக்கா உங்களுக்கு. ரெண்டு வருசம் நாயப் பேய அடிச்சாப்ல அடிச்சீங்களே, இந்த நாலு நாளு மட்டும் என்ன விரதம். அண்ணன் வந்து கைய பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாரு, நானும் பைய தூக்கிக்கிட்டுப் போவேன், நீங்க இப்படியே கெடங்க. ஒரே ஒரு தடவை. எவன் வாரானோ அவன, லாரிக்காரனோ ஆட்டுக்காரனோ, ஒரு எத்து எத்தித் தொலைங்களேன்.

"மாட்டேன்"னாரு.

கண்ணு மூடித்தான் இருக்கு. கை நெஞ்சு மேலதான் இருக்கு. வாய் மட்டும் சொல்லுச்சு. எனக்கு ஒரு நிமிசம் சொப்பனத்துல பேசுறாருன்னு நெனப்பு, ஆரம்பிச்சிருச்சுன்னு போனத்தான் பாத்தேன்.

"முழிச்சா இருக்கீங்க?"

"நாலு நாளா முழிச்சுத்தான் இருக்கேன்."

"ராத்திரியுமா?"

"ராத்திரியும்தான். முப்பத்தோரு வருசம் முழிச்சவனுக்கு நாலு நாளு என்ன."

"பெறகு எப்பத்தான் தூங்குறீங்க?"

"காலைல கடைக்குப் போறேன்ல. பார்க்குல அந்தக் கடைசி வேம்புக்கு அங்கிட்டு ஒருத்தரும் வர மாட்டாக. அங்கன ஒரு மணி நேரம் தரைல படுத்துக்கிடுவேன்." அப்பத்தான் கண்ணத் தெறந்தாரு. வெள்ளையெல்லாம் செவந்து, பாக்கவே முடியல. "பூட்டு ஒரு விரக்கடை கீழ பட்டிருந்தா உன் கண்ணு போயிருக்கும் செண்பகம். மச்சான் கூடப் போயிரு. நீ பக்கத்து ரூம்ல இருந்தாக்கூட எனக்குத் தூங்கப் பயமா இருக்கு. எந்திரிச்சு வந்துருவேனோன்னு பயமா இருக்கு."

நாலு நாளு. பாதகத்தி, நாலு நாளும் ராத்திரி கதவு இடுக்குல நின்னு இவரப் பாத்து, அசைய மாட்டேங்குறாரே, என் உயிர வாங்குறாரேன்னு திட்டினேன். காலைல கத்திரிக்கா வாங்க ரெண்டு மணி நேரமான்னு கத்தினேன். மண்ணுல படுத்துட்டு வந்திருக்காரு. சட்டை முதுகெல்லாம் தூசி, எங்க போய்ச் சாஞ்சீங்கன்னு கேட்டுக்கிட்டே அத நான்தான் தொவைச்சேன். அழுகை வந்துச்சு. கோவமும் வந்துச்சு. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். என்னைப் போகச் சொல்றதுக்கு நீங்க யாருன்னு கேட்டேன். கேட்டுட்டு, கொண்டையப் பின்னாடி தள்ளிக்கிட்டு, கட்டில்ல செவத்துப் பக்கமா ஏறினேன். பத்து நாளாப் படுக்காத எடம். என் பள்ளம் அப்படியே இருக்கு. இவரு பதறி எந்திரிக்கப் பாத்தாரு, நெஞ்சுல கைய வச்சு அமுக்கிப் படுக்க வச்சேன்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? எறங்கு."

"தலைமாட்டுல ஒண்ணும் இல்ல, நல்லாத் தடவிப் பாத்துக்கோங்க. கை வெறுங்கை. இந்தக் கையில நான் வாங்காததா."

"வேண்டாம் செண்பகம்."

"எனக்கு வேணும். அண்ணன் வர இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. தூங்குங்க."

தூங்குன்னு சொன்னா தூங்குற ஆளா. மேல ஃபேனப் பாத்துக்கிட்டுக் கெடக்காரு. கண்ணு சொருகும், ஒரு வெட்டு வெட்டித் தெறப்பாரு. மறுபடி சொருகும், மறுபடி ஒரு வெட்டு. எனக்குப் பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வருது. இவரு டூட்டில ஒரு பழக்கம் உண்டு. மாத்து ஆளு வந்து சார்ஜு எடுத்தாச்சுன்னு வாயால சொல்லணும். சொல்லாட்டி, காய்ச்சலா இருந்தாலும் சரி, மாத்து ஆளு வந்து முன்னால நின்னாலும் சரி, கேட்டு ரூம விட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாரு. ஒரு தீவாளி அன்னைக்கு நான் பலகாரத்தோட போய் வெளிய நிக்கேன், மாத்து ஆளு பல்லு வெளக்கிட்டு வந்து சொல்ற வரைக்கும் இவரு கொடியக் கீழ வைக்கல. நான் இவரு காதுகிட்டப் போய்ச் சொன்னேன், சார்ஜு எடுத்தாச்சு, இனிமே நான் பாத்துக்கிடுறேன், நீங்க போகலாம்னு. இவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. சிரிக்கிறாரா அழுறாரான்னு தெரியல, தாடை மட்டும் ஆடுச்சு. கேட்டு பூட்டியிருக்கான்னு கேட்டாரு. ரெண்டு பக்கமும் பூட்டியாச்சுன்னேன். நெசமாவேயான்னாரு. இந்த மனுசன் கூட நாப்பது வருசம் குடும்பம் நடத்தினதுக்கு எனக்குத்தான் மாலை போட்டுக் கடிகாரம் கொடுத்திருக்கணும். நெசமாத்தான், கண்ண மூடுங்கன்னேன்.

மூச்சு மாறுது. மொதல்ல சின்னச் சின்னதா இருந்துச்சு, இப்ப அடிவயித்துலருந்து நீளமா வருது. வாய் கொஞ்சம் தெறந்துருச்சு. கோத்திருந்த கை பிரிஞ்சு ஒண்ணு எம் மேல விழுது, கனமா, சூடா. எவ்வளவு நேரமாச்சுன்னு தெரியல, திரும்பி மணி பாக்க முடியாது, வெயிலு ஜன்னல்லருந்து அலமாரிக்கு ஏறிருச்சு. பக்கத்து வீட்டு டிவில யாரோ சிரிக்காக. நாலு நாளுத் தூக்கம், எங்க போய் முட்டுமோ. பஸ்ஸு சாத்தூரத் தாண்டியிருக்கும். எனக்கும் கண்ணு இழுக்குது, தூங்கிரக் கூடாது, சார்ஜு எடுத்தவ தூங்கக் கூடாது. போனுக்கு என் தல மறைக்குமோன்னு கொஞ்சம் கீழ எறங்கிப் படுக்கேன், இவரு கை வீசினா முழுசாத் தெரியணும், அண்ணன் ஒரு நொட்டை சொல்லிறக் கூடாது. எம் மேல கெடந்த கையில சுண்டுவிரல் துடிக்குது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. அப்புறம் ரெண்டு விரலு. இமைக்குக் கீழ கருவிழி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது, எதையோ தேடுறாரு, யாரு நிக்கிறா தண்டவாளத்துல, நானா, லாரியா. நகருன்னு ஒரு மொணங்கல். கை எழும்பி மேல போகுது. மூக்குத்தியக் கழட்டி வச்சிருக்கலாம், இப்பத்தான் தோணுது. கழட்டக் கையத் தூக்கினா முழிச்சிருவாரு. இருந்துட்டுப் போகட்டும்.